வண்டியின் வயதும் பிரேக்கின் வயதும்

பழைய கார் ஒன்றைப் பேணி வைத்திருப்பவரிடம் அரசு கேட்கும் முதற் கேள்வி, ‘இது எத்தனை ஆண்டு வண்டி?’ என்பதாகும். அதே சாலையில் எதிரே வருபவரின் கவலை வேறு. நிற்க வேண்டிய இடத்தில் இந்த வண்டி நிற்குமா, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புமா என்பதே அவருக்கு வேண்டிய விடை. இரண்டாவது கேள்விக்கு நம் நாட்டில் முறையான விடை கிடைப்பது அரிது. அந்த விடையை எழுத்தில் பெறும் உரிமை வண்டி உரிமையாளருக்கும், அவரிடமிருந்து வண்டியை வாங்குபவருக்கும், சாலையில் செல்லும் மற்றவருக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்து.

இதைப் பேசுவதற்குப் புனேயைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. வேதாள் குன்றின் மேல் 1966-இல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் இங்கே உள்ளது. போசரியில் மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் இயங்குகிறது. ஆக்குர்டியில் பஜாஜும் பிம்ப்ரியில் டாட்டாவும் தொழிற்சாலை நிறுவிய பிறகு, இவ்வூரில் வண்டியின் இயல்பு அறிந்தோர் தெருவுக்கு ஒருவர் உருவாயினர். நானா பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் நாற்பது ஆண்டுப் பழமையுள்ள வண்டிக்கும் வீல் சிலிண்டர் ரப்பர் கேட்கலாம். புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பாஜாரில், உற்பத்தி நின்றுபோன மாடலின் விளக்குக் கிண்ணத்தைத் தேடிப் பிடிப்பவரும் உண்டு. இத்தனை அறிவு குவிந்துள்ள நகரிலும், ஒரு பத்மினி காரின் உரிமையாளர் தம் வண்டியின் எந்த உறுப்பு தேறியது, எது தேறவில்லை என்பதை வரிசையாகக் காட்டும் ஒரு தாளைக் கேட்டால், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். முதல் 15 ஆண்டுகளில் புகைச் சான்றைத் தவிர, சொந்தக் கார் எந்தக் கட்டாயச் சோதனைக்கும் உட்படுவதில்லை. வாடகைக் கார், லாரி, பேருந்து ஆகியவற்றின் நிலை வேறு. அவை தொடக்கம் முதலே தகுதிச் சான்று பெற்றாக வேண்டும்.

கட்டணமோ வயதோடு ஏறுகிறது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.600-இலிருந்து ரூ.5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம், 20 ஆண்டு கடந்த காருக்கு அதை ரூ.10,000 ஆக்கியது. மகாராஷ்டிரத்தில் இவற்றோடு சுற்றுச்சூழல் வரியும் சேரும். 1998-இல் பதிவான ஒரு கார் 2023-இல் ரூ.5,000 செலுத்தியிருந்தால், இன்றைய விதிப்படி 2028-இல் ரூ.10,000 செலுத்தும்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதிகள் வந்தன. மூல வடிவம் மாறாத பழம்பெரும் வண்டிகள், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட பதிவெண்ணை ரூ.20,000 கட்டணத்தில் பெறலாம். அப்பதிவு பத்து ஆண்டு செல்லும். ஆனால் அவ்வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் அனுமதி இல்லை.

இவ்விரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பம்பாய்க் குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டையொட்டி நின்றது. அதன் கடைசி வண்டிகள் ‘பழம்பெரும் வண்டி’ என்ற தகுதியை எட்ட இன்னும் கால் நூற்றாண்டு ஆகும். அதுவரை அவை வெறும் ‘பழைய வண்டிகள்’. மும்பையில் டாக்சிகளுக்கு 20 ஆண்டு வரம்பு இருந்ததால், 2003 அக்டோபர் 29-இல் தார்தேவில் பதிவான கடைசி பத்மினி டாக்சியின் காலம் 2023 அக்டோபரில் முடிந்தது. ஒரு நகரத்தின் அடையாளமாக இருந்த வண்டியை அன்று நாட்காட்டியே நிறுத்தியது. எந்த வண்டி நல்ல நிலையில் இருந்தது, எது இல்லை என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

தேறாத இடங்கள்

பழைய கார்கள் சோதனையில் தவறும் இடங்கள் புதிர்கள் அல்ல. பத்மினியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1089 சி.சி. எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், தனிச் சட்டம் இல்லாமல் உடலும் அடித்தளமும் ஒன்றான கட்டமைப்பு என அதன் அமைப்பு எளிது. அதன் நோய்களும் எளிதில் கண்டுகொள்ளத் தக்கவை.

முதலாவது பிரேக். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த சமதளச் சாலையில் 13 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுக்கும் அளவு. பழைய காருக்கும் இது கடினமான இலக்கன்று. வீல் சிலிண்டரில் எண்ணெய் கசிந்து பிரேக் ஷூவை நனைத்தாலும், டிரம் வட்டம் கெட்டிருந்தாலும், ஒரு பக்கச் சக்கரம் பிடித்து மறுபக்கம் நழுவும்; வண்டி ஒருபுறம் இழுக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆண்டுக்கணக்கில் அதை மாற்றாத வண்டியில் குழாய்களும் சிலிண்டர்களும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இத்தகைய பிரேக், தட்டையான லட்சுமி சாலையில் போதுமானதாகத் தோன்றும். காத்ரஜ் மலைப்பாதையிலோ திவே மலைப்பாதையிலோ இறங்கும்போது டிரம் சூடேறிப் பிடிப்பு தளரும். அங்கேதான் உண்மை தெரியவரும்.

இரண்டாவது ஸ்டீயரிங். ஸ்டீயரிங் சக்கரத்தில் வெற்றசைவு 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கிங் பின்னுக்கும் இணைப்பு மூட்டுகளுக்கும் உரிய காலத்தில் கிரீஸ் அடிக்காத வண்டிகள் இங்கே தவறுகின்றன. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் கைவைத்து அசைத்தால், தேய்மானம் கையிலேயே தெரியும். இதற்குக் கருவி வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

மூன்றாவது துரு. தனிச் சட்டம் இல்லாத காரில் தரைத்தகடும் கதவடிப் பட்டையும் வெறும் மூடிகள் அல்ல. வண்டியின் எலும்புகளே அவை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையில், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால், நீர் இறங்கி மிதியடிக்குக் கீழே தேங்கும். தை மாதத்தில் பார்க்கும்போது மிதியடி காய்ந்திருக்கும். அதன் கீழே தகடு அரித்திருக்கும். இதை டிங்கரிங் செய்து, பட்டி பூசி, வண்ணம் அடித்துவிட்டால் கண்ணுக்குப் புதிதாகவே தெரியும். பளபளக்கும் வண்டி தேறிவிடுவதும், மங்கிய வண்ணத்தோடு உறுதியான தகடு கொண்ட வண்டி சந்தேகத்துக்கு உள்ளாவதும் கண்ணால் மட்டும் செய்யப்படும் சோதனையின் பெருங்குறை.

நான்காவது விளக்குகள். ஒளி தரும் கிண்ணத்தின் உட்பூச்சு மங்குதல், துருவால் மின் இணைப்பின் எர்த் விட்டுப்போதல், இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் எரிதல் ஆகியவை மிகச் சாதாரணமானவை, மிகக் குறைந்த செலவில் சரியாகக் கூடியவை. ஐந்தாவது டயர். காரின் டயரில் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஆனால் அரிதாக ஓடும் பழைய காரில் பள்ளம் ஆழமாகவே இருக்கும், ரப்பர்தான் கிழடாகியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் பிறந்த நாளைச் சொல்லும். 2315 என்றிருந்தால் அது 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் உருவானது. ஓடாத டயருக்கும் மூப்பு உண்டு.

ஆறாவது புகையும் எரிபொருளும். பாரத் நிலை 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரை அனுமதி உண்டு. கார்புரேட்டரைச் சரியாகத் திருத்தி, காற்று வடிகட்டியை மாற்றினால் அதற்குள் நிற்பது பெரும்பாலான வண்டிகளுக்கு இயலும். இன்று இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. அக்காலத்து ரப்பர்க் குழாய்களும் கேஸ்கட்டுகளும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, தளர்ந்து, கசியக் கூடும். சூடான எஞ்சின் மேல் சொட்டும் பெட்ரோல் தீயாகும். புகைச் சான்று கொடுக்கும் கருவி இக்கசிவைக் காண்பதில்லை.

ஏழாவது ஆவணம். சேசிஸ் எண் துருவில் மறைந்து, பென்சில் அச்சு எடுக்க முடியாமல் போகும் வண்டிகள் பல. டீசல் எஞ்சின் மாற்றியோ எரிவாயு இணைப்பு பொருத்தியோ, அதைப் பதிவுச் சான்றில் ஏற்றாமல் விட்டவையும் பல. இயற்கை எரிவாயு உருளைக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது மறக்கப்படும் விதிகளுள் ஒன்று.

இவ்வேழில் ஆறு, வயதால் மட்டும் வருவன அல்ல. கவனக்குறைவால் வருவன. ஐந்து ஆண்டு வண்டியிலும் இவற்றுள் பாதி இருக்கலாம். நாற்பது ஆண்டு வண்டியில் ஒன்றும் இல்லாதிருக்கலாம். துரு ஒன்றே காலத்தின் கைவேலை. அதையும் கவனம் தள்ளிப்போடும்.

பிற நாடுகள் காட்டும் வழி

பிரிட்டனில் 1960-இல் பத்து ஆண்டு கடந்த கார்களுக்குக் கட்டாயச் சோதனை வந்தது. இன்று மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் சோதனை. தேறாத வண்டிக்குக் காரணம் எழுதிய தாள் தரப்படும். ஒரு வண்டியின் பதிவெண்ணைக் கொண்டு, அதன் கடந்தகாலச் சோதனை முடிவுகளையும், ஓடிய தூரத்தையும், தவறிய உறுப்புகளையும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நாடு முழுவதன் முடிவுகளும் தொகுத்து வெளியிடப்படுகின்றன. விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகியவையே அங்கே தோல்விக் காரணங்களின் முன்வரிசையில் நிற்பவை. நாம் மேலே வரிசைப்படுத்திய பட்டியலுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியதன்று.

ஜெர்மனியில் முதல் சோதனை மூன்றாம் ஆண்டு முடிவில். பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. எந்த மாடல் எந்த வயதில் எவ்வளவு குறைகளுடன் வருகிறது என்ற அறிக்கை ஆண்டுதோறும் வெளியாகிறது. முப்பது ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்பட்ட கார்களுக்கு அங்கே தனி எண் பலகை உண்டு. அப்பலகை பெற்ற காரும் வழக்கமான சோதனையிலிருந்து தப்புவதில்லை.

பிரிட்டன் 2018 மே முதல், பெரும் மாற்றம் செய்யப்படாத நாற்பது ஆண்டு வண்டிகளுக்குச் சோதனையிலிருந்து விலக்கு அளித்தது. பழைய காரை வைத்திருப்போர் அதைக் கண்ணும் கருத்துமாகப் பேணுவர் என்பது அதன் பின்னுள்ள நம்பிக்கை. இவ்விரண்டு வழிகளில் ஜெர்மனியின் வழியே நமக்கு ஏற்றது என்று கருதுகிறோம். அன்பு பிரேக்கைச் சரிசெய்வதில்லை. தாத்தாவின் நினைவாக வண்டியை வைத்திருப்பவர், அதைத் துடைத்துப் பூச்சூட்டுவதில் குறை வைக்கமாட்டார். பிரேக் ஆயிலின் வயதை அவர் அறிந்திருப்பார் என்று கொள்ள முடியாது.

மறுப்புகளும் விடைகளும்

பழைய கார்கள் புகை கக்குகின்றன, மோதினால் பயணிகளைக் காக்கும் ஏற்பாடுகள் அவற்றில் இல்லை, ஆகவே அவற்றைக் கழிப்பதே நலம் என்பது வலுவான வாதம். அதை நாம் மறுக்கவில்லை. காற்றுப்பை இல்லாத காரை எந்தச் சோதனையும் காற்றுப்பை உள்ள காராக்காது. புதிய காரின் புகையளவுக்குப் பழைய எஞ்சின் இறங்கவும் இறங்காது. ஆனால் கழிக்கப்பட வேண்டியது எது என்பதை முடிவுசெய்யவும் சோதனைதானே வேண்டும்? வயதை மட்டும் அளவுகோலாக்கினால், பேணப்பட்ட வண்டியும் பாழான வண்டியும் ஒரே நாளில் ஒரே தட்டில் வைக்கப்படும். பேணுவதற்கான ஊக்கம் அப்போது குறையும். மேலும் 14 ஆண்டு நிறைந்த, பிரேக் தேய்ந்த கார் ஒருவர் கேள்வியுமின்றி ஓடிக்கொண்டிருக்கும்.

சோதனை என்றால் தரகருக்கு வாய்ப்பு என்பது அடுத்த மறுப்பு. இதற்குப் புனேயே ஒரு பாடம் தருகிறது. வணிக வண்டிகளுக்கு முறையாகச் சோதிக்காமலே தகுதிச் சான்று வழங்கப்படுகிறது என்று இந்நகரத்தவர் ஒருவர் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், 250 மீட்டர் நீளத் தடத்தில் ஓட்டிப் பிரேக்கைச் சோதிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. புனே வண்டிகள் திவே மலைப்பாதைக்கு அப்பால் உள்ள தடத்துக்குச் செல்லலாயின. ஆடி மாதத்தை ஒட்டி ஞானேஸ்வரரின் பல்லக்கு ஏறிச் செல்லும் அதே பாதை அது. ஒரு குடிமகனின் விடாமுயற்சி, காகிதத்தில் இருந்த விதியை மண்ணில் இறக்கியது. இன்று நாடெங்கும் அமைந்துவரும் தானியங்கிச் சோதனை நிலையங்களில் அளவைக் கருவி எடுக்கிறது. மனிதர் கண்ணை மூடிக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. அக்கருவி எடுத்த அளவு உரிமையாளரின் கைக்கும் வந்து சேர வேண்டும்.

ஆகவே மூன்று மாற்றங்கள் வேண்டும் என்கிறோம். சொந்தக் காருக்கும் 15 ஆண்டு காத்திராமல், அதற்கு வெகு முன்பே முதல் சோதனை நடக்க வேண்டும். தேறினாலும் தேறாவிட்டாலும், உறுப்பு வாரியாக அளவுகள் எழுதிய தாள் தரப்பட வேண்டும். அது வண்டியின் பதிவோடு இணைந்து, வாங்குபவர் பார்க்கும்படி இருக்க வேண்டும். மூன்றாவதாக, 30 ஆண்டு முதல் 50 ஆண்டு வரையிலான, நன்கு பேணப்பட்ட வண்டிகளுக்கென ஒரு வகுப்பு வேண்டும். அவ்வகுப்பில் சோதனை அடிக்கடி நடக்கட்டும். கட்டணம் குறைவாக இருக்கட்டும். ரூ.10,000 கட்டணத்தில் ஒரு பகுதியை உரிமையாளர் பிரேக்குக்குச் செலவிட்டால், பயன் பெறுவது சாலையில் செல்லும் அனைவரும்.

வாடிக்கையாளர் அறிய வேண்டியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு முடியும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்; தாமதத்துக்கு மாதந்தோறும் கூடுதல் தொகை உண்டு. அதனினும் பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. தற்காலிகப் பதிவு காலாவதியான நிலையில் திருடுபோன ஒரு வண்டிக்கு இழப்பீடு மறுத்த காப்பீட்டு நிறுவனத்தின் முடிவை, உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. பதிவு உயிரோடு இல்லாத வண்டிக்குக் கட்டிய பிரீமியம், வேண்டிய வேளையில் உதவாமல் போகலாம்.

கடன் தீர்ந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் அடமானக் குறிப்பாக நிற்பதுண்டு. கிளையில் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, அக்குறிப்பை நீக்கிக்கொள்வது நன்று. வாரிசுக்கு மாற்றும்போதோ விற்கும்போதோ அது தடையாகாது.

பழைய கார் வாங்க எண்ணுவோர், வண்ணத்தைப் பார்க்குமுன் மிதியடியைத் தூக்கிப் பார்க்கட்டும். பணிமனையில் வண்டியை உயர்த்தி, மேற்சொன்ன ஏழையும் எழுதி வாங்கட்டும். பழைய வண்டிக்குக் கடன் தரும் வங்கிகள் வயதுக்கு வரம்பு வைப்பதும், வண்டியின் நிலையைக் கூறும் நம்பகமான ஆவணம் இல்லாத குறையால்தான். உறுப்பு வாரியான சோதனைத் தாள் வழக்கத்துக்கு வந்தால், பேணிய வண்டிக்கு உரிய விலையும் கிடைக்கும். உரிய மதிப்பில் காப்பீடும் கேட்கலாம்.

வீட்டில் பழைய கார் நிற்கும் வாசகர்கள், இம்மாதம் ஒரு முற்பகலை அதற்காக ஒதுக்கினால் போதும். பிரேக் ஆயில் கடைசியாக என்று மாற்றப்பட்டது, டயரின் நான்கு இலக்கம் என்ன, பெட்ரோல் குழாய் எந்த ஆண்டினது, பதிவு எந்நாளில் முடிகிறது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பதிவுச் சான்றோடு வைக்கட்டும். விடை தெரியாத வரி எதுவோ, அங்கிருந்தே பணிமனை வேலையைத் தொடங்கலாம்.